தார்ப்பாய்ப் பக்கம் விட்ட நாலு சால்

மலையில் சாமை அறுத்து முடிந்ததும் கீழே கரும்பு வெட்ட இறங்குவோம். அந்த வருடம் வடக்கனந்தல் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையிலேயே தங்கினோம். மூங்கிலை வளைத்து நட்டு மேலே தார்ப்பாய் கட்டினோம். தரையில் கரும்பின் காய்ந்த இலையான சோகை, அதன்மேல் கோணிச்சாக்கு. குடிக்க, குளிக்க போர்வெல் தண்ணீர். பெண்கள் ஒதுங்குவதற்குக் கரும்பு.

டிராக்டர் தார்ப்பாய்க்குப் பக்கத்தில்தான் நிற்கும். சுமை தூரம் குறையுமே என்று அங்கிருந்தே வெட்ட ஆரம்பித்தோம். அதுதான் தப்பு. வெட்ட வெட்ட மறைவு தள்ளிப்போனது. ஒருநாள் இந்தப் பக்கம் சில சால், சில வரிசைக் கரும்பு மட்டும் மிஞ்சியது; அதிலும் பகல் முழுக்க ஆண்கள் நின்று வெட்டினோம். மீதிக் கரும்பெல்லாம் ரோட்டுக்கு அந்தண்டை. ரோட்டோரம் டீக்கடை, எப்போதும் ஆண்கள்.

என் மனைவி பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் வெட்ட, அவள் சோகை கழித்துக் கட்டு கட்ட வேண்டும். வெயிலில் உதடு வெடித்திருக்கும். சொம்பை நீட்டினால் தலையாட்டுவாள். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சலும் வந்தது. ஊசி போட்ட நர்சம்மா, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

இந்தப் பக்கம் கடைசியாக நாலு சால் நின்றபோது, கூட்டத்தில் மூத்தவள், எங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியை மறித்தாள்.

"அந்த நாலு சால வுட்டுடுய்யா. நாங்க இன்னா, தின்னுடவா போறோம்?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "சரி ஆயா, கடசில வெட்டிக்கலாம்."

அன்று என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். காய்ச்சலும் விட்டது.

சில நாளில் கொல்லைக்காரர் வந்தார்.

"இது இன்னாத்துக்கு நிக்குது?"

"பொம்பளைங்க ஒதுங்கறதுக்குங்க" என்றார் மேஸ்திரி.

"எங் கரும்பு இன்னா கக்கூசா? காய்ஞ்சா எட கம்மியாயிடும். இன்னிக்கி வண்டில போவணும்."

அந்தச் சால்கள் என் பங்கில் இருந்தன. கத்தியைப் பிடித்தபடியே நின்றேன்.

"வெட்டு மாமா" என்றாள் மனைவி. "இல்லன்னா அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்க."

வெட்டினேன். பின்னாலேயே அவள் குனிந்து சோகை கழித்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கரும்பு சாய்ந்ததும் தார்ப்பாயிலிருந்து டீக்கடை வரை வெட்டவெளி. அவள் நிமிர்ந்து தார்ப்பாய்க்குப் போனாள். காலையில் நிரப்பி வைத்த சொம்புத் தண்ணீரைக் குடத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டு வந்து, அந்தக் கரும்பைக் கட்ட உட்கார்ந்தாள்.