தாழ்ப்பாள் நம் பக்கம்

என் மகள் கோபமாக அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பதினான்கு வயதாகிவிட்டது.

ஐந்து வயதில் என்னைக் கடத்தியவன், குன்னம் பக்கம் சோளக்காட்டுக் கொட்டகையில் ஒன்பது வருஷம் பூட்டி வைத்திருந்தான். போலீஸ் மீட்டுவந்து செந்துறையில் எங்கள் வீட்டில் விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் நான் வாசல்கதவை உள்ளேயிருந்து தட்டினேன். கொட்டகையில் அப்படித் தட்டிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்; அவன் மனது வைத்தால் திறப்பான்.

சித்தி அழுதுகொண்டே திறக்க ஓடிவந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வுடுடி. கண்ணு, தாப்பா நம்ம பக்கந்தான் இருக்கு. நீயே தொற."

தாழ்ப்பாளில் விரலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அம்மா கரைத்துவைத்த சாணித்தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றாள். கடைசியில் 'டக்'கென்று இழுத்தேன். முகத்தில் வெயில் அடித்தது. தெருமுனையில் அரியலூர் பஸ் போனது. கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். ஒவ்வொரு தடவையும் அம்மா சிரித்தாள்.

இப்போது மகளின் கதவை வெளியே நின்று தட்டினேன்.

"அம்மாடி. உள்ள வரலாமா?"

"வராத!"

தாழ்ப்பாள் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.