கைதட்டி உட்கார வைத்த பிள்ளை

போன கிழமை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து, மீன் அடைத்துப் பொரிக்கிற பற்றிஸின் வாசனை வந்தது. மற்றவர்களுக்குத்தான் அது வாசனை. நான் சட்டிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கடைக்காரர், "சூடாக் கிடக்கு அண்ணை, எடுங்கோவன்" என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான். ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சண்டைக் காலத்தில் பற்றிஸைத் தட்டில் அடுக்குவதும் என் வேலைகளில் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, டவுனில் ஒரு கல்லூரியில் பியோன் உத்தியோகம். கல்லூரியில் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டு, என்ன வேலை என்று கேட்பதற்குள் கதையை மாற்றிவிடுவேன்.

ஆங்கிலம் போதாத பிள்ளைகள் அங்கே முதலில் ஓர் ஆங்கில வகுப்பில் இருந்து தேறவேண்டும். அடிவகுப்பு என்போம். வெளிநாட்டு உதவியில் நடந்தது; காசு தருபவர்கள் இடைக்கிடை பார்க்க வருவார்கள். பேப்பர் பாராமல் எழும்பி நின்று கதைக்கிற பிள்ளை மேலே போகலாம் என்பது வழக்கம். மாதக் கடைசியில் ஆங்கில மிஸ்ஸும் கல்லூரியை நடத்திய அதிபரும் இருந்து முடிவெடுப்பார்கள். தேத்தண்ணி, பற்றிஸோடு போகும் நானும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்த வகுப்பில் செல்வராணி என்றொரு பிள்ளை. மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய கூலிக் குடும்பம். எங்கள் ஆட்களைப்போல 'அண்ணை' என்னாமல் என்னை 'அண்ணே' என்பாள். அதற்காகவே சில பிள்ளைகள் அவளைப் பழிப்புக் காட்டுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அவள் வாயைத் திறந்தால் அந்தப் பழிப்பெல்லாம் அடங்கிவிடும்.

"செல்வராணி போன மாதமே ரெடி சேர்" என்றார் மிஸ். "கணக்கியல் வகுப்பு திங்கள் தொடங்குது. அதுக்குள்ள ஏத்தாட்டி தகப்பன் கூட்டிக்கொண்டு போயிடுவாராம்."

அதிபர் பற்றிஸைக் கடித்தார். "அவளை ஏத்தினால் வெள்ளைக்காரர் வாற நேரம் ஆர் எழும்பிக் கதைக்கிறது? மற்றதுகள் ஆட்டுக்குட்டி மாதிரி முழிக்குங்கள். இருக்கட்டும் மிஸ், இன்னும் கொஞ்சம் மெருகு வரட்டும்."

அதே கூட்டத்தில் ஒரு முதலாளியின் மகனை மேலே ஏற்றினார்கள். அவன் ஆங்கிலத்தில் சொல்லி நான் கேட்ட ஒரே வார்த்தை 'யெஸ் சேர்'.

அந்த வெள்ளிக்கிழமை விருந்தினர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவும் கொழும்பு ஐயா ஒருவரும். வழக்கம்போலச் செல்வராணியை எழுப்பினார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிறுத்தாமல் பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஸ் தலை குனிந்தது மட்டும் தெரிந்தது. பேசி முடித்ததும் அந்த அம்மா எழும்பிக் கைதட்டினார். கொழும்பு ஐயா தட்டினார். அதிபர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். நல்லது என்னவோ சொல்லியிருக்கிறாள் என்று, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.

பிறகு அவள் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் வந்தாள். நான் எடுத்து வைத்த பற்றிஸைத் தொடவில்லை.

"நல்லாப் பேசினனி பிள்ளை" என்றேன்.

"என்ன பேசுனேன்னு தெரியுமாண்ணே? நான் தேறிட்டேன், இவங்க என்னைய வேணும்னே புடிச்சு வச்சிருக்காங்க, விடச் சொல்லுங்கன்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன். நல்லா இங்கிலீஷ் பேசுறேன்னு கை தட்டுறாங்க."

அவள் அழவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அழுகையே மேல்.

உள்ளே அதிபர் சொல்வது கேட்டது: "பாத்தீங்களா மிஸ்? இப்பிடிக் கதைக்கிற பிள்ளையை எப்பிடி விடுறது?"

திங்கட்கிழமை தகப்பன் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிய மனிதர். அதிபரைப் பார்க்கக்கூடக் கேட்கவில்லை. மகளின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். கொஞ்ச நாளில் சண்டை முற்றி முருங்கன் பாதையை மூடினார்கள். திறந்தபிறகு அந்தப் பக்கம் போய்வந்தவர்கள், அவர்கள் குடியிருந்த இடத்தில் ஒரு வீடும் இல்லை, ஆட்களும் இல்லை என்றார்கள்.

இன்று அந்தக் கல்லூரி இல்லை. கட்டடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். உதவி என்று வெள்ளை வாகனங்களில் வந்தவர்கள் சண்டை முடிந்ததோடு போய்விட்டார்கள். அதிபரின் இறுதிச் சடங்கில், பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டவர் என்று ஒருவர் நீளமாகப் பேசினார். நான் நடுவில் எழும்பி வந்துவிட்டேன்.

மழை விட்டது. கையிலிருந்த பற்றிஸை, கடையோரம் நனைந்து நின்ற தெருக்கழுதைக்கு நீட்டினேன். அது மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.