ஷூவுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி

முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றுகிறாள். கரையில் கழற்றிவிட்ட ஷூவுக்குள் அதைச் செருகுகிறாள். பிறகுதான் ஓடைக்குள் கால் வைக்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டது. "இதையும் விட்டுட்டு வந்தே, காலேஜுக்குத் தடவிக்கிட்டுத்தான் போகணும்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் விடுமுறையில் சம்பளமில்லாமல், ஒரு சான்றிதழுக்காக உழைக்க வந்த கல்லூரி மாணவி. தோழிகள் வைத்த பெயர் ஓடையம்மா. இடுப்பளவு பிளாஸ்டிக் குழாயில் ஓடை நீரை நிரப்பி, மேலிருந்து எட்டிப் பார்ப்பது அவள் வேலை. அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை வட்டு தெரிந்தால் தண்ணீர் தெளிவு, தெரியாவிட்டால் கலங்கல்.

நாற்பது நாளாக வட்டு தெரியவில்லை. ஓடைக்கு நேர்ந்த கதியை எண்ணிக் கண்ணீர் விடாத குறையாக 'கலங்கல்' என்று எழுதிவந்தாள். வீட்டில் டீ டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடி தெரியவில்லை என்று வருந்தினாள்.

"அடி தெரிஞ்சா அது டீயாடி?" என்றாள் அம்மா.

பாவி யாரென்றும் அவளே முடிவு கட்டிவிட்டாள்: மேல்பக்கத்தில் கார் கழுவும் கடைக்காரர். நோட்டில் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால், அலுவலகப் பொறியாளர் ஓடைப்பக்கம் எட்டியே பார்க்காமல் கடையை மூடச்சொல்லும் நோட்டீஸைத் தயாரித்துவிட்டார். அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

சேதி தெரிந்து கடைக்காரர் ஓடைக்கே வந்தார். அழுக்குத் தண்ணீரைத் தொட்டிகளில் தேக்குவதாகவும், ஒரு சொட்டுகூட ஓடைக்கு விடுவதில்லை என்றும் மன்றாடினார். அவள் குழாயை நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"வட்டு பளிச்சுனு தெரியுதேம்மா."

"பொய் சொல்லாதீங்க அண்ணே. எனக்குத் தெரியலையே."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார். "தினமும் கடையைத் தாண்டிப் போறப்ப கண்ணாடி போட்டிருப்பியே. அது எங்கேம்மா?"

ஷூவிலிருந்து கண்ணாடி வெளியே வந்தது. மாட்டிக்கொண்டு குனிந்தாள். குழாயின் அடியில் வட்டு, நாற்பது நாளாகக் காத்திருந்ததுபோல், அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது.

வெறுங்காலோடு அலுவலகத்துக்கு ஓடினாள். நோட்டீஸ் கிழிந்தது. அவளுடைய நாற்பது நாளும் சான்றிதழ்க் கணக்கில் சேராது, நாளையிலிருந்து மறுபடி ஒன்றாம் நாள் என்றார் பொறியாளர்.

மறுநாள் கண்ணாடியைக் கயிற்றால் பின்னந்தலையோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். வட்டைப் பார்த்தாள், நன்றாகவே தெரிந்தது. ஆனால் எழுதவில்லை. நிரம்பிய குழாயைக் குழந்தைபோல் அணைத்துத் தூக்கிக்கொண்டு கார் கழுவும் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்க்கும்வரை, பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.