நகரி அம்மாவின் படம்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓவியர்களே முறைபோட்டு நடத்தும் பழைய கேலரியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று சுகுணாவின் முறை. சுவரெங்கும் படங்கள், சாமி படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. அதைத் தேடி வருகிற பக்தர்கள் ஏமாந்து, மின்விசிறிக்காக நின்றுவிடுகிறார்கள். சுகுணா யாரையும் விரட்டுவதில்லை.

ஓர் அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வருகிறார். மலையில் மொட்டை போட்டுக்கொண்ட தலையைத் துண்டால் மூடியிருக்கிறார். காதோரம் சந்தனம் வழிகிறது.

“கூர்ச்சோம்மா,” என்று தெலுங்கில் ஸ்டூலைக் காட்டுகிற சுகுணா, வந்தவர் நகரித் தமிழர் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறுகிறார். “உங்களை வரையட்டுமா? துண்டை எடுங்க.”

கூச்சத்தோடு எடுக்கிறார். மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கான வேண்டுதலாம். மொட்டை அடித்த பிறகு கண்ணாடியே பார்க்கவில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை.

“படத்திலாவது முடி வைத்துவிடுங்களேன்,” என்கிறேன் சுகுணாவிடம்.

அந்த அம்மா என்னை முறைக்கிறார். “வாணாம் சார். சாமிக்குக் குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?”



வரைந்து முடித்த தாளை சுகுணா நீட்டுகிறார். அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு கண் கலங்குகிறது. “எங்க நைனா மாதிரியே கீறேன். அவரு போய்ச் சேந்தப்புறம் இன்னிக்குத்தான் அவரு மூஞ்சியப் பாக்கறேன்.”

தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். துண்டைத் தலையில் கட்டவில்லை. ஆண்பிள்ளை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறார்.