ரெண்டு கையும் மேசைமேல்

என் அக்காவின் கணவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். சோபா தைக்கிறவர். பழைய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, வயிற்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் நாலாபக்கமும் இழுத்துக் கட்டுவார். அவர் கட்டியதில் எப்பேர்ப்பட்ட ஆள் விழுந்து உட்கார்ந்தாலும் அது முனகாது. பெயர் அப்படி வந்தது. ஆனால் ஆளிடம் ஸ்பிரிங்கின் குணம் ஒன்றுகூடக் கிடையாது. அழுத்தினால் அழுந்திப் போவார், திருப்பி எகிற மாட்டார். அந்தக் கோபம் எனக்கு அத்தான் மேல் இன்றும் இருக்கிறது.

வேலை செய்யும்போது ஒரு பிடி சின்ன ஆணிகளை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ள, காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய் மரத்தில் இறக்கும். வாயில் ஆணி இருக்கிறவர் எப்படிப் பேசுவார்? வருடக்கணக்கில் அப்படியே பழகி, வாய் காலியாக இருக்கும்போதும் பேச்சு வராமல் போயிற்று. “கல்யாணமான புதுசுல ஏதாச்சும் கேட்டா ஆணியத் துப்பிட்டு பதில் சொல்வாரு. இப்ப ஆணி இல்லாமலே தலையத்தான் ஆட்டுறாரு” என்பாள் அக்கா.

அவருக்கும் சேர்த்துப் பேசியவன் கத்திரி. அதே கடையில் துணி வெட்டுகிறவன், அத்தானின் உயிர்த் தோழன். முன்பெல்லாம் நானும் ‘அவர்’ என்றுதான் சொல்வேன், இப்போது வாய் வரவில்லை. வேலைக்காரன் என்பதில் சந்தேகமில்லை. துணியைப் பலகையில் விரித்து, உள்ளங்கையைப் பரப்பி வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் தடவிச் சுருக்கம் எடுத்த பிறகுதான் கத்தரியைத் தொடுவான். வாடிக்கையாளரிடம் பேசுவது, முதலாளியிடம் லீவு கேட்பது, அத்தானுக்கும் சேர்த்துச் சண்டை போடுவது எல்லாம் அவன்தான். அத்தான் பின்னால் நின்று தலையாட்டுவார்.

ஞாயிறு மதியம் ஆனால் கத்திரியும் அவன் மனைவியும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தம்மா மழலைப் பள்ளி டீச்சர், நாங்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நான் அடுத்த தெரு. ஐந்து பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். அதை விளையாட்டு என்று சொன்னால் மற்ற விளையாட்டுகள் கோபித்துக்கொள்ளும்.

ரிப்பேருக்கு வந்த ஒரு சோபா கட்டிலின் வயிற்றுக்குள்ளிருந்து அத்தான் எடுத்த பெட்டி அது. உடைமைக்காரர் “தூக்கிப் போட்டுடுங்க” என்றுவிட்டார். அட்டை முழுதாக இருந்தது, பகடை இருந்தது. விதித்தாள் மட்டும் பாதிதான். ஜெயிப்பது எப்படி என்பது கிழிந்துபோன பாதியில் இருந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்டத்தில் யாரும் ஜெயித்ததே கிடையாது. டீ தயாரானால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். காய்களும் இல்லை. அத்தானுக்கு ஓர் ஆணி, கத்திரிக்குத் துணியில் கோடு போடும் சுண்ணாம்புத் துண்டு, டீச்சருக்கு ரப்பர், அக்காவுக்குச் சட்டைப் பொத்தான், எனக்கு ஹேர்பின்.

சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் மற்றவர்கள் சொல்வதை நடித்துக் காட்ட வேண்டும். கெட்டுப்போன மிக்சியாக டீச்சர் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். பச்சையில் விழுந்தால் எல்லாரும் ஒரு நாற்காலி நகர்ந்து, அங்கே இருந்தவரின் காய்க்குச் சொந்தக்காரர் ஆகிவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து யார் ஆணி, யார் ரப்பர் என்று கடவுளுக்கே தெரியாது.

மஞ்சள்தான் பொய்க் கட்டம். அதில் விழுந்தவரை எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கேட்டவர் எது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மறுபேச்சில்லாமல் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். பொய் பிடிபட்டால் பொய் சொன்னவர் தலையிலும், தப்பாகச் சொன்னால் கேட்டவர் தலையிலும் அக்காவின் பால் பாத்திரம் ஏறும். அடுத்த ஆள் மாட்டும்வரை இறங்காது. இதில் அக்கா சேர்த்த விதி ஒன்று உண்டு. பதில் சொல்லும்போது ரெண்டு கையும் மேசைமேல் இருக்க வேண்டும். ஒருதரம் கத்திரி மேசைக்கடியில் பகடையைத் திருப்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

பாத்திரத்தை அதிகம் சுமந்தது அத்தான்தான். “இவ்வளவு வெகுளியா இருந்தா எப்படி அத்தான்? கத்திரி பொய் சொல்றாருன்னு எனக்கே தெரியுதே” என்று ஒருநாள் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எனக்கும் தெரியும் சின்னவ. பொய் சொல்றப்ப அவன் கையப் பாரு. துணியத் தடவுற மாதிரி தடவுவான்.”

அடுத்த ஞாயிறு பார்த்தேன். வாஸ்தவம். மெய் சொல்லும்போது கை சும்மா கிடக்கும். பொய் சொன்னால் உள்ளங்கை பரந்து, மேசைவிரிப்பில் இல்லாத சுருக்கத்தை எடுத்துக்கொண்டே போகும்.

“அப்புறம் ஏன் தோக்குறீங்க?”

“எப்பவும் பிடிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும்ல? தெரிஞ்சா கூச்சப்படுவான். விளையாட்டுதானே, பாத்திரம் என்ன கடிக்கவா போகுது?”

இதுதான் என் அத்தான். தோழன் கூச்சப்படக் கூடாது என்று தலையில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன்.

இப்படி இருக்கும்போது கடை முதலாளி உடம்பு முடியாமல் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். ஆணியும் கத்தரியுமாகக் கடையைத் தூக்கி நிறுத்தியது நீங்கள் இருவர்தான், சேர்ந்து எடுத்து நடத்துங்கள் என்றார். அன்று அத்தான் பேசினார். உண்மையாகவே பேசினார், அக்கா அதிசயித்துப் போனாள். அவருக்கு வேறு ஆசை கிடையாது. கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், ஒரு குண்டு பல்பின் கீழே தலைமுடி நரைக்கும்வரை ஆணி அடித்தவர். கண் மங்கத் தொடங்கியிருந்தது. கடை கைக்கு வந்தால் தன் பலகையை முன்பக்கம், தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். “வெளிச்சத்துல வேலை பாக்கணும்” என்று அக்காவிடம் நாலு தரம் சொன்னாராம். அந்த ஜன்னலின் அகலத்தை அளந்துகூட வைத்திருந்தார்.

“முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்டா, நீ வாயில்லாப் பூச்சி” என்றான் கத்திரி. அத்தான் தலையாட்டினார்.

வாரங்கள் போயின. என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம், “யோசிக்கிறாராம்”, “மகள்கிட்ட கேக்கணுமாம்” என்றே பதில் வந்தது. வாசலோடு நின்று சொல்லிவிட்டுப் போவான், பேண்ட் பாக்கெட்டில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு. “என்ன தம்பி, குளிருதா?” என்று அக்கா ஒருதரம் கிண்டல்கூட செய்தாள். சிரித்தான்.

அந்த ஞாயிறு அவனுக்கு ஆட்டத்தில் மனசே இல்லை. போனதும் சிவப்பு, திரும்பினால் சிவப்பு. தண்ணீர் இல்லாத குழாயாக நடி என்றதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். டீச்சரோ ரப்பரை உருட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் ஏமாந்து அத்தான் தலையில் பாத்திரம் ஏறியிருந்தது. கைப்பிடி காதுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது கத்திரியின் சுண்ணாம்பு மஞ்சளில் வந்து நின்றது. எதிரே அத்தான்.

பாவம், பையன் சோர்ந்திருக்கிறான், சுலபமாக ஒன்று கேட்டு அவனைச் சிரிக்க வைப்போம் என்று அத்தான் நினைத்திருக்கிறார். பிறகு அவரே சொன்னது இது. உலகத்திலேயே நடக்க முடியாத ஒன்றாகத் தேடிப் பிடித்தார்.

“ஏன்டா, என்னை விட்டுட்டு கடைய நீ மட்டும் எழுதிக்கிட்டியா?”

அக்கா கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கத்திரியும் சிரித்தான்.

“இல்லடா. உன்னை விட்டுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?”

ரெண்டு கையும் மேசைமேல் இருந்தன. விதி அது. வலது உள்ளங்கை விரிந்தது. மேசைவிரிப்பின் ஓரத்தில் தொடங்கி, மெதுவாக, அழுத்தமாக, தடவிக்கொண்டே போனது.

அத்தானைப் பார்த்தேன். அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் பாத்திரம், முகத்தில் சிரிப்பு இன்னும் இறங்கவில்லை, கண் மட்டும் செத்துப் போயிருந்தது. அந்த முகத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

“மெய்யா பொய்யா? சீக்கிரம் சொல்லுங்க, டீ கொதிக்குது” என்றாள் அக்கா.

“பொய்” என்றார் அத்தான்.

“போச்சு! பாத்திரம் உங்களுக்கேதான்” என்று அக்கா கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

“டேய், விளையாட்டுடா” என்றான் கத்திரி.

“விளையாட்டுன்னா உண்மையச் சொல்லணும். அதானே ரூலு?”

அவன் டீச்சரைப் பார்த்தான். அவள் ரப்பரை மேசையில் வைத்தாள். “சொல்லிடுங்க. என்னால இதுக்கு மேல இந்த வீட்டுல உக்காந்து டீ குடிக்க முடியாது” என்றாள்.

சொன்னான். போன மாதமே எழுதி முடித்தாயிற்று. அவனும் டீச்சரின் அண்ணனும் சேர்ந்து. அவர் வியாபாரம் தெரிந்தவர், மூன்றாவது ஆள் வேண்டாம் என்றாராம். முதலாளியிடம், ஸ்பிரிங்குக்கு இஷ்டமில்லை, பொறுப்பு வேண்டாம் என்கிறான் என்று சொல்லிவிட்டார்களாம். பேசத் தெரியாதவனுக்காகப் பேசிய லட்சணம் இது! கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் அது டீ குடிக்க வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

“நீ எங்க போயிடப் போற? வழக்கம்போல வேலைக்கு வா. உன் இடம் உள்ள அப்படியே இருக்கும். பல்பு வேணா பெருசா மாத்தித் தரேன்” என்றான்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. எழுதினாலும் அச்சில் போட மாட்டார்கள். அத்தான் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் கழற்றி, கத்திரியின் முன்னால் வைத்தார்.

“உன்னுது” என்றார்.

அவன் அதைத் தொடவில்லை. எழுந்து போனான். டீச்சர் அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள், அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அத்தான் கடைக்குப் போய், தன் சொந்தச் சுத்தியலையும் நூல்கண்டையும் வளைந்த ஊசிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் டீச்சரின் அண்ணனுக்கு மேசை நாற்காலி போட்டாயிற்றாம். இப்போது அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலிகளும் ஸ்டூல்களும் வந்து கிடக்கின்றன. முழு சோபா அந்த வாசலில் நுழையாது.

ஒருநாள் நான் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சின்னவ.”

“எது அத்தான்?”

“கை. தன் கை காட்டிக் குடுக்கும்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு அது தெரியும்ங்கிறதும் தெரிஞ்சிருக்கு. இல்லன்னா அத்தனை வாரமும் ஏன் பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு வந்து பேசினான்? அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் எத்தனை தரம் பாத்திரத்த மாட்டிக்கிட்டேன்! அவன் அதையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கான்.”

கடை போனதற்கு அழாதவர், அதற்கு அழுதார்.

போன வாரம் கத்திரி வந்தான். புது சட்டை. வாசற்படியில் நின்றான், உள்ளே கூப்பிட ஆளில்லை. துணி வெட்ட ஆள் கிடைத்தாலும் ஸ்பிரிங் கட்ட ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அல்லது மனசு உறுத்தியதோ என்னவோ. எனக்கு அதில் அக்கறை இல்லை.

“டேய், ஒரு வார்த்தை பேசணும். மனசு விட்டுப் பேசணும்டா” என்றான். இரண்டு கைகளும் பேண்ட் பாக்கெட்டில் இருந்தன.

அத்தான் கவிழ்ந்து கிடந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். வாயிலிருந்த ஆணிகளை ஒன்றுவிடாமல் உள்ளங்கையில் துப்பினார்.

“கைய வெளிய எடுத்துட்டுப் பேசு.”

கத்திரி நின்றான். முழங்கை ஒருதரம் அசைந்தது. கை வெளியே வரவில்லை. அப்படியே திரும்பிப் போனான்.

அத்தான் ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.