பூஜ்ஜியம் விழுந்த இதழ்

என் அக்கா மகளுக்குப் பள்ளிச் சான்றிதழில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். எங்கள் எல்லாருக்கும் அவள் சக்கரம்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலேயே இரண்டு தரம் எழுந்து, குழாயை மூடினோமா என்று பார்த்துவிட்டு வருவாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அம்மா வழியில் தலைமுறைக்கு ஒரு ஆள் இப்படி. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பஸ் வரும்வரை நிற்கமாட்டாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். பாதி வழியில் பஸ் அவரைத் தாண்டிப் போய்விடும். வாழ்நாளில் பாதி வேலைக்கு அவர் நடந்தேதான் போனார். அவருடைய மூத்த மகள், அடுப்பை அணைத்தோமா என்று நடுத்தெருவிலிருந்து திரும்பி ஓடுவாள். ஒருமுறை அப்படி ஓடி வந்து, அணைந்துகிடந்த அடுப்பைப் பார்த்துத் திருப்தியாகி, கதவைப் பூட்டாமல் கிளம்பிப் போய்விட்டாள். அவளுக்கு அடுத்து எங்கள் சக்கரம்.

இப்படிப்பட்டவளைப் பல்கலைக்கழக நூலகத்தில், நாற்காலியை விட்டு எழவே தேவையில்லாத வேலையில் உட்கார வைத்தார்கள். பதினாறு வருஷம் ஆகிறது. ஒருமுறை அவள் அறைக்குப் போயிருந்தேன். ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு நோட்டு. அலமாரியில் குடை மட்டும் இருந்தது.

"புத்தகமெல்லாம் எங்கம்மா?"

"கீழ கிடக்கு மாமா. என்கிட்ட இருக்கறதெல்லாம் கதவுதான்" என்றாள்.

எனக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் படிக்கும் இதழ்கள் முக்கால்வாசி இப்போது தாளில் வருவதில்லை. வெளியிடுகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நூலகம் வருஷத்துக்கு ஒருமுறை சந்தா கட்டுகிறது. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வீட்டுக்குக் கதவு எண் போல ஒரு கம்ப்யூட்டர் எண் உண்டு. அந்த எண்களைப் பட்டியல் போட்டு வெளியீட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் உள்ள கட்டடத்திலிருந்து யார் வந்தாலும் இதழ் தானாகத் திறக்கும். இல்லாத இடத்திலிருந்து வந்தால், விலை கொடுத்துப் படி என்று ஒரு பலகை வந்து நிற்கும். அந்தப் பட்டியலைச் சரியாக வைத்திருப்பது சக்கரத்தின் வேலை. எந்த இதழை எத்தனை தரம் திறந்தார்கள் என்று மாதாமாதம் வரும் எண்ணிக்கையைத் திரட்டி, யாரும் சீண்டாத இதழை நிறுத்தச் சொல்வதும் அவள் வேலைதான்.

போன வருஷக் கடைசியில் நூலகக் கமிட்டி கூடியது. சக்கரம் எழுந்து நின்று எண்களை வாசித்தாள். விலங்குகளின் எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை பற்றிய இதழ் ஒன்று. எங்களிடம் பேசும்போது அதை எலும்பு இதழ் என்பாள். முன்பெல்லாம் வருஷத்துக்கு நானூறுக்குக் குறையாமல் திறந்திருக்கிறார்கள். கமிட்டி கூடியதற்கு முந்தைய வருஷம் பதினொன்று. கமிட்டி கூடிய வருஷம் பூஜ்ஜியம்.

"பூஜ்ஜியத்துக்கு மேல என்ன பேச்சு இருக்கு? தூக்கிருங்க" என்றார் கமிட்டித் தலைவர். தலைமை நூலகர் எல்லார் முன்னாலும், பிரிவுத் தலைவர் இடம் காலியாகிறது, இப்படிக் கறாராகப் பார்க்கிற ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி முடிப்பதற்குள் எட்டு தரம் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்தாள். காபி ஆடை கட்டிப்போனது.

நான்கு நாள் கழித்து, அவளுடைய நாத்தனாரின் பூனை மாடியிலிருந்து விழுந்து பின்னங்காலை ஒடித்துக்கொண்டது. நாத்தனார் அவள் வீட்டோடு இருப்பவள்; வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பேரும் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய கட்டடம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கஷ்டமான இடத்துல ஒடிஞ்சிருக்கு. இதுக்குப் புதுசா ஒரு முறை வந்திருக்குன்னு கேள்வி. அது வர்ற இதழை நான் வாராவாரம் படிச்சிட்டிருந்தேன். இப்ப நூலகத்துல நிறுத்திட்டாங்க."

"நூலகமா? இவ அங்கதான் இருக்கா டாக்டர்" என்றாள் நாத்தனார். "அந்தக் கதவெல்லாம் இவ கையிலதான். கேளுங்க, நல்லாக் கேளுங்க."

சக்கரம் கூடையைக் கீழே வைத்தாள். "இன்னும் நிறுத்தல சார். வர்ற வருஷத்துலேர்ந்துதான்."

"அப்படியா? நாங்க பழைய கட்டடத்தை விட்டு வந்த நாள்லேர்ந்து காசு கேக்குதே மேடம். நிறுத்திட்டாங்கன்னு நினைச்சு நாங்களும் விட்டுட்டோம்."

"எப்ப சார் வந்தீங்க?"

"போன வருஷம் பிப்ரவரி."

பூனையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் நூலகத்துக்கு ஓடினாள். பதினொன்று என்று வாசித்தாளே, அந்த எண்ணிக்கையை மாதம் பிரித்துப் பார்த்தாள். பதினொன்றும் ஜனவரி. நோட்டை எடுத்தாள். புதுக் கட்டடத்தின் எண்ணை எந்தெந்த வெளியீட்டாருக்குத் தெரிவித்தோம் என்று அவள் கையாலேயே கட்டம் போட்ட பக்கம். முப்பத்தேழு டிக். ஒரு கட்டம் காலி. எலும்பு இதழ்க்காரர்கள் கடிதம் வாங்கமாட்டார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்துக்குள் போய் நாமே எண்ணைச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல் காலாவதியாகியிருந்ததால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். டிக் போட்ட முப்பத்தேழையும் மூன்று தரம் சரிபார்த்தவள், காலிக் கட்டத்துக்குத் திரும்பவே இல்லை.

என்னிடம் இதைச் சொன்னபோது பூட்டாமல் போன என் மாமா மகளின் கதவு ஞாபகம் வந்தது.

நிறுத்தும் பட்டியல் வெள்ளிக்கிழமை வெளியீட்டாருக்குப் போக வேண்டும். போய்விட்டால் எலும்பு இதழின் பழைய வருஷங்களும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அன்று செவ்வாய். நூலகத்தில் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்க்கும் ஆளைக் கேபிள்காரர் என்பார்கள். அவரிடம் சொன்னாள்.

"வெளியீட்டார் தப்புன்னு ஒரு வரி எழுதிருங்க மேடம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் இங்க வந்து சண்டையா போடப் போறான்? இதழும் இருக்கும், உங்க நாற்காலியும் வரும்."

செவ்வாயும் புதனும் அவள் கால் தரையில் பாவவில்லை. பதினான்கு கட்டடங்களுக்கும் நடந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நின்று, முப்பத்தெட்டு வெளியீட்டாரின் இதழ்களையும் திறந்து பார்த்தாள். வேறெங்கும் பழுதில்லை. எலும்பு இதழின் கடவுச்சொல்லைப் புதுப்பித்து விடுபட்ட எண்ணையும் சேர்த்தாள். புதன் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் நடந்தாள்.

"உக்காரேன்டி. பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்றாள் என் வீட்டுக்காரி.

"உக்காந்தா இன்னும் மோசமா இருக்கு அத்தை."

நான் கோழைத்தனமாகத்தான் பேசினேன். "கேபிள்காரர் சொன்ன மாதிரி எழுதிட்டுப் போயேம்மா. பதினாறு வருஷம் உழைச்சிருக்கே. யாருக்குத் தெரியப் போகுது?"

அப்போதுதான் நின்றாள். "இருபத்திரண்டு மாசமா அந்த மனுஷன் கதவைத் தட்டிட்டு நின்னிருக்காரு மாமா. அவருக்குப் படிக்க ஆசையில்லன்னு கமிட்டியில எழுந்து நின்னு சொன்னது நான்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை தலைமை நூலகர் அறைக்குப் போனாள்.

"உக்காந்து சொல்லும்மா."

"நின்னே சொல்றேன் சார். எலும்பு இதழோட பூஜ்ஜியம் டாக்டர்களோடது இல்ல, என்னுது." நோட்டைப் பிரித்துக் காலிக் கட்டத்தைக் காட்டினாள்.

அவர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தாராம். "என்கிட்ட மட்டும் சொன்னாப் போதாதே" என்றார். மத்தியானம் கமிட்டித் தலைவர் முன்னாலும் நின்றாள்.

"அப்ப மத்த எண்ணெல்லாம் எந்த லட்சணத்துல இருக்கு?" என்று அவர் கேட்டார். பதினான்கு கட்டடங்களின் தாளை நீட்டினாள். அவர் வாசித்து முடித்து, "ஒரு வருஷம் பாப்போம். நூறு தரமாவது திறக்கலன்னா நிறுத்திருவோம்" என்றார். வெள்ளிக்கிழமை போன பட்டியலில் எலும்பு இதழ் இல்லை.

பிரிவுத் தலைவர் நாற்காலி கீழ்மாடிப் புத்தகப் பிரிவுக்காரருக்குப் போனது. நல்ல மனிதர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். அவரை எனக்கும் தெரியும். குறை சொல்ல வரவில்லை.

புது வருஷம் பிறந்த முதல் வாரம் சக்கரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரின் கம்ப்யூட்டரில் ஒரு கட்டுரையை முழுசாகத் திறந்து காட்டினாள். "திறக்குது" என்றார் அவர். "ஆனா பழக்கம் விட்டுப் போச்சே மேடம். புதுசா வந்த டாக்டர்களுக்கு இப்படி ஒரு இதழ் இருக்கறதே தெரியாது."

வீட்டில் நாத்தனார் வழி சொன்னாள். "இதுக்கா இப்படி அலையறே? தினமும் போய் நீயே நாலு தரம் திறந்து மூடிட்டு வா. நூறு என்ன, ஐந்நூறு ஏறும்."

"அதுக்குப் பேசாம கேபிள்காரர் பேச்சையே கேட்டிருக்கலாமே அண்ணி."

"கேட்டிருக்கலாம்தான்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பூனைக்குப் பால் ஊற்றப் போனாள். பூனைக்குக் கால் கூடிவிட்டது, லேசாகச் சாய்த்து வைக்கிறது. டாக்டர் பழைய முறைப்படியே கட்டுப் போட்டிருந்தார்.

ஜனவரி மாத எண்ணிக்கை வந்த அன்று எனக்குப் போன் செய்தாள்.

"மூணு மாமா."

"மூணா? வந்துச்சே, அது போதும்மா."

"அதுல ஒண்ணு நான் திறந்து காட்டினது. கழிச்சா ரெண்டு."

"அந்த ரெண்டும் யாரு?"

"அது தெரியாது மாமா. எண்ணு மட்டும்தான் வரும்." பேச்சோடு செருப்புச் சத்தமும் கேட்டது. ஒரு கதவு திறந்தது, ஒரு நாய் குரைத்தது.

"எங்கம்மா இருக்கே?"

"ஆஸ்பத்திரியில. ஒவ்வொரு அறையா போய்ச் சொல்லிட்டு வரேன். இன்னும் பதினோரு மாசம் இருக்கு" என்றாள். மூச்சு வாங்கியது. படியேறிக்கொண்டிருந்தாள்.