பசியாறியாச்சா?

செம்பனை முள் காலில் ஏறினால் உள்ளேயே ஒடிந்துகொள்ளும். என் வலது பாதத்தில் அப்படி ஒடிந்ததை கிளினிக்கில் கீறி எடுத்து, கட்டுப் போட்டு, காலை ஊன்றாதே என்று சொல்லி அனுப்பினார்கள். என் மோட்டார் சைக்கிளில் ஸ்டார்ட்டர் செத்து ரொம்ப நாளாகிறது. வலது காலால் ஓங்கி மிதித்தால்தான் அதற்கு உயிர் வரும். ஆகவே நானும் மோட்டாரும் ஒன்றாகப் படுத்தோம். அது வாசலில், நான் உள்ளே.

மலேசியாவில், கோலா சாவா பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் வரிசை வீடுகள் கொண்ட லயம் எங்களுடையது. தமிழ் பேசும் வீடுகள் அதில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. மற்ற வீடுகளில் பங்களாதேஷ் பையன்கள். இருட்டோடு வேலைக்குப் போவார்கள், இருட்டியபின் வருவார்கள். அம்மா தவறிப் போனபிறகு என் வீட்டில் நான் மட்டும். லோபாக்கில் கட்டிக்கொடுத்த தங்கச்சி, "இங்க வந்து இருண்ணே" என்று போனில் கூப்பிடுவாள். "வந்தா உன் புருஷன் ஓடிருவான்" என்று சிரித்து வைத்துவிடுவேன். நான் கிளம்பினால் எஸ்டேட்காரர்கள் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அம்மா படுத்த அறைக்கும் சேர்த்துத்தான் பூட்டு. அதைத் தங்கச்சியிடம் சொன்னதில்லை. காலைப் பற்றியும் சொல்லவில்லை.

கடைக்கு மோட்டாரில்தான் போகவேண்டும். அரிசி தீர்ந்தது. மெகி நூடுல்ஸ் தீர்ந்தது. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தட்டி, தூளையும் நக்கியாயிற்று.

அம்மா ஜெபம் பண்ணாமல் தட்டில் கை வைக்க விடமாட்டாள். கஞ்சியும் ஒரு துண்டு கருவாடும் இருக்கும். அதற்கே, "ஏராளமா குடுத்தீரே ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்பாள். நான் ஒரு கண்ணைத் திறந்து, "ஏராளம் எந்தச் சட்டியிலம்மா இருக்கு? சொல்லு, நானே போட்டுக்கிறேன்" என்பேன். கண்ணைத் திறக்காமலே என் தொடையில் கிள்ளுவாள். "வரும்டா. அவரு தருவாரு."

இங்கே காலையில் யார் யாரைப் பார்த்தாலும் 'பசியாறியாச்சா?' என்பார்கள். காலைச் சாப்பாடு ஆனதா என்று கேள்வி. பதில் ஒன்றுதான்: 'ஆச்சு.' வயிறு ஒட்டிக் கிடந்தாலும் 'ஆச்சு'. இல்லை என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

எதிர் வரிசையில் அந்த இன்னொரு தமிழ் வீட்டு அக்கா உரம் போடும் வேலைக்குப் போகிறவர். தினமும் என் வாசலைத் தாண்டும்போது குரல் கொடுப்பார்.

"டேய், பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா! நாசி லெமாக். கோழி ரெண்டு துண்டு."

"யாருடா ஆக்குனது, உன் பொண்டாட்டியா?"

"நீங்க பொண்ணு பாத்தாத்தானே ஆக்குவா!"

"உன் வாய்க்கு எவன் லா பொண்ணு குடுப்பான்!"

பூட்ஸ் சத்தம் லாரி நிற்கும் இடத்துக்குப் போய்விடும். என் ஒரு நாள் பேச்சு அதோடு முடிந்தது. மறுநாளைக்கு என்ன சாப்பாடு சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். டின் காலியாகக் காலியாக என் சாப்பாடு பெரிதாகிக்கொண்டே போனது. ஒருநாள் ஆட்டுக்கறியே போட்டேன்.

அப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாத காலை வந்தது. நொண்டிக்கொண்டே போய் மேசையில் தட்டை வைத்தேன்.

"ஆண்டவரே, தட்டு கழுவியாச்சு. தண்ணி வச்சாச்சு. மத்தது உங்க பாடு."

சிரிப்பு வந்தது. சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லாத சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும். அப்புறம்தான் நிஜமாகக் கேட்டேன். "எங்கம்மா சொன்னது பொய்யாயிறக் கூடாது ஆண்டவரே."

வெளியே பூட்ஸ் சத்தம்.

"டேய், பசியாறியாச்சா?"

'ஆ' என்று வாய் தானாகத் திறந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பாதையில் அனுப்புவதற்கு ஆண்டவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தினமும் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார். நான்தான் கோழி ரெண்டு துண்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா."

"என்னது?"

"பசியாறல."

"ஏன், ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சா?" சிரித்துக்கொண்டே நடந்தார். சத்தம் தள்ளிப் போனது.

"அக்கா! நெசமாத்தான்க்கா!"

என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. பூட்ஸ் நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலைப் பார்த்தார். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எருமை! ஊரு நாயமெல்லாம் பேசுற, இத சொல்ல வாய் வரலயா? எதுத்தாப்புலதானே இருக்கேன்?"

கையிலிருந்த தாப்பாவ் பொட்டலத்தை என் தட்டில் வைத்தார். அவருடைய மத்தியானச் சோறு.

"அப்ப உங்களுக்கு?"

"அங்க எல்லாரும் சோறு கொண்டாருவாங்க. ஆளுக்கு ஒரு கை போட்டா எனக்குத்தான் ஜாஸ்தி. தின்னு. சாயங்காலம் அரிசி கொண்டாறேன்."

"ஸ்தோத்திரம்க்கா."

"எங்கிட்ட ஏன்டா சொல்ற? அத உங்க சாமிகிட்ட சொல்லு." லாரி ஹார்ன் கேட்டு ஓடினார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். வெயிலில் உரம் தூக்குகிறவர் சாப்பிடும் சோறு, குவியலாக இருந்தது. பொரித்த முட்டை, பயத்தங்காய், நெத்திலி சம்பால். கண்ணை மூடினேன். இரண்டு கண்ணையும். ஜெபம் பண்ண வார்த்தை தெரியவில்லை. "வந்துருச்சு ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். பாதிச் சோற்றுக்கே வயிறு நிறைந்துவிட்டது. மீதியை மூடி வைத்தேன்.

சம்பால் நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா இருந்தால் கிளாஸை என் பக்கம் தள்ளி வைத்திருப்பாள். நானே தள்ளிக்கொண்டேன்.